பழைய ஃபிலிம் கேமரா வாங்கி விற்கிறோம்: எதைப் பார்த்து எடுப்பது, எதை விடுவது

டார்ச் இல்லாமல் பழைய கேமரா வாங்கப் போகக் கூடாது. செல்போன் வெளிச்சமே போதும். லென்ஸைக் கழற்றி, வெளிச்சம் நுழையும் துவாரத்தை (அப்பர்ச்சர்) முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல இழை இழையாகத் தெரிந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுக்கப் புகை படிந்தது போலிருந்தால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் கிரீஸ் ஆவியாகி ஒட்டியிருக்கிறது. ஓரத்தில் வானவில் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தால், ஒட்டவைத்த இரண்டு கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது, விலை பேசாமல் வந்துவிடலாம். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. விற்பவர் அதற்காக வருத்தப்பட்டால் கூடவே கொஞ்சம் வருத்தப்பட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

சரக்கு எங்கே கிடைக்கும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை உண்டு. விடிந்ததும் போய்விட வேண்டும். அதைவிட நல்லது மூடிய ஸ்டுடியோக்கள். ஸ்டுடியோ கேமராவுக்கு வெளியே பெயின்ட் உரிந்திருக்கும், ஆனால் தினமும் ஓடியதால் உள்ளே இறுகியிருக்காது. வீட்டு பீரோவில் தோல் உறையோடு இருபது வருஷம் தூங்கிய கேமரா பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும், லென்ஸில் பூஞ்சை தோட்டமே போட்டிருக்கும். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் காரணம். வாங்கிய அன்றே உறையைப் பிரித்துத் தனியே வையுங்கள்.

ஆரம்பத்தில் பேட்டரி இல்லாமலே ஷட்டர் ஓடும் மாடல்களோடு நில்லுங்கள். பென்டாக்ஸ் கே1000, யாஷிகா எஃப்எக்ஸ்-3 இரண்டும் அந்த ரகம். பேட்டரி வெளிச்சமானிக்கு மட்டும். பாக்கெட் சைஸ் ஆட்டோமேட்டிக் கேமராக்களுக்கு இன்ஸ்டாகிராமில் நல்ல விலை போகிறது என்பது உண்மைதான். ஆனால் சர்க்யூட் செத்தால் பாகம் கிடைக்காது. காலையில் ஓடியது பார்சலைப் பிரிக்கும்போது ஓடாது.

ஃபிலிம் போடாமலே ஐந்து நிமிடத்தில் பாடியைச் சோதித்துவிடலாம். பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி 1/1000 நொடி வேகத்தில் அழுத்துங்கள். படச் சட்டத்தின் (ஃபிரேம்) ஒரு பக்கம் மட்டும் இருண்டு தெரிந்தால், ஷட்டரின் இரண்டு திரைகளில் ஒன்று இன்னொன்றைத் துரத்திப் பிடித்துவிடுகிறது. படத்தில் அந்தப் பக்கம் கறுப்பாக வரும். துணித்திரை என்றால் இருட்டறையில் டார்ச் அடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தை அளக்கத் தனிக் கருவி உடனே வேண்டாம். செல்போனில் நொடிக்கு 240 சட்டம் ஓடும் ஸ்லோ மோஷன் எடுத்தால், 1/30-க்கு ஷட்டர் 8 சட்டங்களுக்குத் திறந்திருக்க வேண்டும், 1/60-க்கு 4. அதற்கு மேலான வேகத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. யாஷிகா எலக்ட்ரோ 35-க்கு மட்டும் காதையும் தீட்டிக்கொள்ளுங்கள்: ஃபிலிமை நகர்த்தும் லீவரைச் சுற்றும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் உள்ளிருக்கும் சின்ன ரப்பர் திண்டு கரைந்துவிட்டது. மேல்மூடியைக் கழற்றாமல் அதைச் சரிசெய்ய முடியாது.

பேட்டரி அறையில் பச்சை பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் தேய்த்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். பழைய பாதரச பேட்டரிக்காகச் செய்த மாடல்களில் சிக்கல் வேறு. அது 1.35 வோல்ட், இப்போது கடையில் கிடைக்கும் ஆல்கலைன் 1.5 வோல்ட். பல மாடல்களில் வெளிச்சமானியின் முள் இடம் தள்ளி நிற்கும், வெளிச்சக் கணக்கு தப்பும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி ஏறக்குறைய 1.4 வோல்ட் தரும். சில வாரங்களில் தீர்ந்துவிடும், விலை குறைவு. இதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்.

பெரும்பாலான கேமராக்களுக்குத் தப்பாத வேலை, வெளிச்சம் புகாமல் இருக்கப் பின்கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஃபோம். வருஷங்கள் போகப் போக அது தார் மாதிரி ஒட்டும் பிசினாகிவிடும். பல்குத்தும் குச்சியில் ஆல்கஹால் நனைத்துச் சுரண்டுங்கள். அதற்கு முன் ஷட்டர் திரையை ஒரு காகிதத்தால் மூடிவிடுங்கள். ஒரு துணுக்கு விழுந்து திரையில் ஒட்டினால் அரைநாள் போச்சு. புது ஃபோம் 1.5 முதல் 2 மில்லிமீட்டர். குறுகிய பள்ளங்களுக்குக் கறுப்புக் கம்பளி நூலே போதும். பிரிஸத்துக்குக் கீழே, படமெடுக்கும்போது மேலே எழும் கண்ணாடி வந்து மோதும் இடத்து ஃபோமை மறந்துவிடாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஜப்பான் கேமராவின் திருகுகள் ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தர ரகம். சாதாரண பிலிப்ஸ் முனையால் திருகினால் தலை மழுங்கிவிடும். மழுங்கிய திருகைப் பார்த்ததும் வாங்குபவர் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கேட்பார். கேட்பது நியாயம்தான்.

‘ஃபிலிம் போட்டுச் சோதித்தது’ என்று எழுதினால்தான் விலை நிற்கும். ஒவ்வொரு கேமராவுக்கும் முழு கலர் ரோல் போட்டால் லாபம் அதிலேயே போய்விடும்: ரோல், கழுவல், ஸ்கேன் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டும். 100 அடி கறுப்பு-வெள்ளைச் சுருள் வாங்கி நீங்களே வெட்டிக்கொள்ளலாம். 10 படத்துக்கு ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் போதும்; ஒரு சுருளில் 50 துண்டு தேறும். வீட்டிலேயே டி-76 என்ற டெவலப்பரில் கழுவி, நெகட்டிவைப் போனில் படமெடுத்து விளம்பரத்தோடு போடுங்கள். வெளிச்சக் கசிவு, படங்களுக்கு இடையே இடைவெளி சரியாக விழுகிறதா, இரண்டும் அதில் தெரிந்துவிடும்.

உத்தேசமாக ஒரு கே1000 கணக்கு இப்படிப் போகும். வாங்கியது 3,500, ஃபோம் பேட்டரி 250, சோதனை 150, பெட்டி 120, அனுப்பும் செலவு 250. மொத்தம் 4,270. அதை 6,500-க்கு விற்றால் 2,230 மிஞ்சும், நாலு மணி நேர வேலைக்கு. திரும்பி வரும் ஒரு பார்சல் இரண்டு விற்பனையின் லாபத்தைத் தின்றுவிடும். அதனால்தான் குறையைப் பளிச்சென்று படமெடுத்து முதல் மூன்று படங்களுக்குள் போடச் சொல்கிறோம். விலை வைக்கும்போது ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள்.

பணம் வரும் வழியில் ஒரே எச்சரிக்கை: பணம் பெற கியூஆர் ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. ராணுவத்தில் இருக்கிறேன், ஸ்கேன் பண்ணுங்கள் என்று யாராவது அனுப்பினால் உரையாடலை அங்கேயே முடித்துவிடுங்கள்.

பேக்கிங்கில் அவசரம் கூடாது. பேட்டரியைக் கழற்றி, லீவரைச் சுற்றி ஷட்டரை இறுக்காத நிலையில் விட்டு, லென்ஸை இருபுறமும் மூடி போட்டுத் தனியே சுற்றுங்கள். சின்னப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் 5 சென்டிமீட்டர் கசக்கிய காகிதத்தோடு பெரிய பெட்டிக்குள். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. வரிசை எண் தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள். பாகம் மாற்றித் திருப்பி அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. தொழிலாகச் செய்யும்போது பெங்களூருக்கு ஒரு கேமரா அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை. ஜிஎஸ்டி சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி தொகை எவ்வளவு சின்னது என்றாலும் பதிவு வேண்டும். பதிவு செய்தபின் ஜிஎஸ்டி விதிகளில் 32(5) கைகொடுக்கும்: பழைய பொருளுக்கு, உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்காதவரை, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. அதற்கு வாங்கிய விலையைக் காட்ட வேண்டும். சந்தைக்காரரிடம்கூட தேதி, விலை, வரிசை எண் எழுதி ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். திருட்டுப் பொருள் தகராறு வந்தாலும் அந்தத் துண்டுச்சீட்டுதான் துணை.

இருப்பு வைக்க, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியும் ஒரு ஈரப்பதமானியும் போதும். 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கட்டும். 30-க்குக் கீழே போவதும் நல்லதல்ல. சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நீலத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. சமையல் வாணலியில் போட்டு வறுத்துவிடாதீர்கள். பாச்சை உருண்டை அறவே வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாங்கும் லென்ஸ்கள் முதலில் தனிப் பெட்டியில் ஒரு மாதம் இருக்கட்டும். மறுபடி டார்ச் அடித்துப் பார்த்த பிறகு மற்றவற்றோடு சேர்க்கலாம்.