30 லட்சம் டூத்பிரஷ்கள்

2024 பிப்ரவரி முதல் வாரம், காலை ஷிப்ட். ஒரு செய்தித் தளத்தின் தொழில்நுட்பப் பகுதியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத் தளங்கள் பலவற்றில் ஒரே செய்தி: ஹேக்கர்கள் 30 லட்சம் ஸ்மார்ட் டூத்பிரஷ்களைக் கைப்பற்றி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மொய்க்கவிட்டு, ஒரு சுவிஸ் நிறுவனத்தின் இணையதளத்தை நான்கு மணி நேரம் முடக்கிவிட்டார்களாம். "உடனே போட்டுடுங்க" என்றார் டெஸ்க் பொறுப்பாளர். இருபது நிமிடத்தில் போட்டுவிட்டேன்.

எழுதும்போதே ஒன்று உறுத்தியது. இந்த பிரஷ்கள் பொதுவாக புளூடூத்தில் போனோடு மட்டும்தான் பேசும், நேராக இணையத்துக்குப் போகாது. அப்புறம் எப்படித் தாக்கும்? முடங்கிய நிறுவனத்தின் பெயர் இல்லை. பிரஷ் எந்த பிராண்ட் என்றும் இல்லை. இத்தனை பேர் எழுதியிருக்கிறார்களே என்று விட்டுவிட்டேன்.

இத்தனை பேர் இல்லை, ஒரே ஒரு இடம். 'ஆர்காவர் ட்சைட்டுங்' என்ற சுவிஸ் நாளிதழ் ஜனவரி 30 அன்று வெளியிட்டதைத்தான் எல்லோரும் எடுத்து எழுதியிருந்தார்கள். அந்தத் தகவலைத் தந்த ஃபோர்டிநெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், அது இப்படியும் தாக்கலாம் என்று காட்டச் சொன்ன உதாரணம்தான் என்றது. நாளிதழ் தரப்போ, உண்மைச் சம்பவமாகத்தான் சொன்னார்கள், வெளியிடுவதற்கு முன் அவர்களிடமே காட்டினோம் என்றது. யார் சொல்வது சரியோ, அப்படி ஒரு தாக்குதல் நடக்கவில்லை.

இதற்கு ஓராண்டு முன்புதான் சிநெட் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பச் செய்தித் தளம் செயற்கை நுண்ணறிவை (AI) வைத்து எழுதிய 77 கட்டுரைகளில் 41-இல் திருத்தம் போட்டது. 10,000 டாலருக்கு 3 சதவீத வட்டியில் ஓராண்டில் 10,300 டாலர் வருமானம் என்று ஒன்றில் இருந்தது. வட்டி 300 டாலர்தான். பள்ளிக்கூடக் கணக்கைக்கூடச் சரிபார்க்க ஆளில்லையா என்று கோபப்பட்டவன் நான். என் முறை வந்தபோது நானும் சரிபார்க்கவில்லை.

எங்கள் தளத்தில் அந்தச் செய்தியைச் சத்தமில்லாமல் நீக்கினார்கள். கீழே ஒரு வரி திருத்தம் போடலாம் என்றேன். "யார் பார்க்கப் போறாங்க" என்று முடித்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் பெயரோடு அதே செய்தி வந்தது. அத்தை அனுப்பியிருந்தார்: "நம்ம பையன் எழுதினது, எல்லாரும் ஜாக்கிரதை."