தீயிலும் ஜலத்திலும்

2025 ஏப்ரல் 6, ஞாயிறு
சின்னவனுக்கு வலிப்பு, மூன்றாம் தரம். இந்த முறை கிணற்றடியில். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு நிமிடம். அம்மா இரும்புத் திறப்பைக் கையில் திணித்தார். மாமி "இயேசுவே, இயேசுவே" என்று கத்தினார். இரண்டு பேரையும் நான் தடுக்கவில்லை.

ஏப்ரல் 8
மாமி உபவாசம் தொடங்கிவிட்டார். பைபிளில் மாற்கு 9ஐத் திறந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தகப்பன் ஒருவன் பிள்ளையைக் கொண்டுவருகிற இடம். நுரை தள்ளுகிறான், பல்லைக் கடிக்கிறான். வார்ட்டில் நேர்ஸ் கேட்டுக் கேட்டு எழுதியதும் இதைத்தான். இங்கே அதற்குப் பெயர் பிசாசு. மத்தேயு 17இல் அதே பிள்ளை சந்திரரோகி, அதாவது நிலவால் நோய் வருகிறவன், அடிக்கடி தீயிலும் ஜலத்திலும் விழுகிறவன்.
என் பிள்ளைக்குப் பிசாசு இல்லை. புத்தகத்தை மூடி வைத்தேன்.

ஏப்ரல் 9
சிரப் காலை 5 மில்லி, இரவு 5 மில்லி. இரவுது பாதி என் சட்டையில்.

ஏப்ரல் 11
நித்திரை இல்லை. போனில் தேடித் தேடி வாசித்தேன். 'ஜெபத்தினாலும் உபவாசத்தினாலும்' என்று மாமி பிடித்துக்கொண்டிருக்கிறாரே, அந்த 'உபவாசம்' 4ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் பைபிள் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் இல்லை. பிறகு வந்த யாரோ சேர்த்ததாக இருக்கும். அந்த ஒரு சொல்லுக்காக அறுபத்தெட்டு வயது மனுசி வெறும் தேத்தண்ணீரில் கிடக்கிறார். எழுப்பிச் சொல்லிவிடலாமா என்றுகூட வந்தது.
அதோடு விட்டிருக்கலாம். 'கண்ணீரோடே' என்பதும் அவற்றில் இல்லையாம். தகப்பன் சத்தமிட்டான், அவ்வளவுதான். அழுதான் என்று சேர்த்தவனுக்கு ஒரு பிள்ளை இருந்திருக்கும் என்று நினைத்தேன். இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.
அவன் சொன்னது மட்டும் பழையதிலும் இருக்கிறது. விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும். ஒரே மூச்சில் இரண்டும். முதலில் ஒழுங்காக நம்பிவிட்டு வா என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை. இயேசு பிள்ளையைக் குணமாக்கினார்.

ஏப்ரல் 12, பௌர்ணமிப் போயா
மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில் நல்ல சனம். மீன் பாடுகிறதைக் கேட்கத் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைப்பார்கள். சின்னவன் கூட்டிப்போகச் சொல்லி அழுதான். வாவி, நிலவு. மாட்டேன் என்றேன்.
மத்தேயுவை நம்பாத நான்தான் விடியும்வரை நிலவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 14
மூளையின் மின்னோட்டம் பார்க்கிற ஈ.ஈ.ஜி.க்குத் தலையில் எதுவும் வைக்க வேண்டாம் என்றிருந்தார்கள். அம்மா மருத்துநீரைக் காலில் மட்டும் தொட்டு வைத்தார். "வருசப் பிறப்பும் அதுவுமா, என்ன மனே இது" என்று எனக்குத்தான் ஏச்சு.

ஏப்ரல் 16
ஒரு மணிவரை விழிக்க வைத்து நாலு மணிக்கு எழுப்பினோம். தலை முழுக்க வயர். "அப்பா, நான் ரோபோவா?" அப்படியே தூங்கிப்போனான்.
கதிரையில் இருந்து ஜெபிக்கப் பார்த்தேன். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்த ஆள் நான், எனக்கு அது பழக்கமில்லை. விசுவாசிக்கிறேன் என்று தொடங்க வாய் வரவில்லை. பின்பாதி மட்டும் வந்தது. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன், பேப்பர் ஓடி முடியும்வரை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
மத்தியானம் நானும் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்று மாமியிடம் சொன்னேன். பொய்.

ஏப்ரல் 20
வாசலில் பை பார்த்தார்கள். 2019 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு உயிர்ப்பு ஞாயிறு என்றால் இப்படித்தான். வழமையாக நான் மோட்டார்சைக்கிளில் இருந்து போன் பார்ப்பேன். இன்றைக்கு உள்ளே, கடைசி வாங்கில். பிசாசை இன்னும் நம்பவில்லை. ஆமென் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது போல, என் மனுசி திரும்பிப் பார்த்தாள்.

ஏப்ரல் 22
ரிப்போர்ட் வந்துவிட்டதாம். மாமி சேலை மாற்றுகிறார். சின்னவன் ஒற்றைச் சப்பாத்தைக் காணவில்லை என்கிறான்.