அப்பாவின் ரத்த ரிப்போர்ட்

2021 மே 10, திங்கள், அல்சூர்

கொரோனாவுக்காகச் சேர்த்திருந்த அப்பாவை நேற்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்துவிட்டோம். இன்று முதல் பெங்களூரில் ஊரடங்கு இன்னும் கடுமை. காலை 10 மணிக்குள் கடைக்குப் போய் வந்துவிட வேண்டும்.

டிஸ்சார்ஜ் தாளில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 48, ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் 1240, வெள்ளணு 13,800. வெறும் வயிற்றுச் சர்க்கரை 286. அப்பாவுக்கு இதுவரை சர்க்கரையே கிடையாது. "நெகட்டிவ்னு சொல்லிட்டாங்களேடா, அப்புறம் ஏன் எல்லாம் ஏறிக் கிடக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மே 13, வியாழன்

டாக்டர் போனில் பொறுமையாக விளக்கினார். வைரஸ் போனாலும் அது மூட்டிய அழற்சி அடங்க நாளாகுமாம். சிஆர்பி, அழற்சி இருக்கும்போது கல்லீரல் சுரக்கும் புரதம். அழற்சி நின்றால் ரத்தத்தில் இருப்பது ஒரு நாளுக்குள் பாதியாகிவிடும், அதனால் முதலில் இறங்குவது அதுதான். வெள்ளணு ஏறியதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்டீராய்டே காரணமாக இருக்கலாம், காய்ச்சல் இல்லையென்றால் புதுத் தொற்று என்று பதற வேண்டாம் என்றார். சர்க்கரையை ஏற்றியதும் அதே ஸ்டீராய்டுதான். சர்க்கரை ஏறியவர்களைத் தாக்கும் கருப்புப் பூஞ்சை நோய்ச் செய்திகளைப் பார்த்துப் பயந்து, அம்மா நாளுக்கு நாலு முறை விரலில் குத்திப் பார்க்கிறாள்.

மே 17, திங்கள்

லேப் பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தான். முழுக்கவச உடைக்குள் வியர்வை சொட்டியது. ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் எடுத்தான். நீல மூடிக் குழாயை மட்டும் கண்ணுக்கு நேரே பிடித்து, கோடு வரை நிரம்பும்வரை காத்திருந்தான். டி-டைமருக்கு அதுதானாம். உள்ளே இருக்கும் மருந்துக்கு ஒன்பது பங்கு ரத்தம் சேர வேண்டும், குறைந்தால் கணக்கு தப்பும் என்றான்.

சிஆர்பி 7. வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்ஃபோசைட் 9 சதவீதத்திலிருந்து 23. டாக்டர் முதலில் கேட்டதே இதைத்தான். கொரோனா கடுமையானால் சரிவது அந்த அணுக்கள்தானாம், அவை திரும்புவது நல்ல அறிகுறி. டி-டைமர் 980.

மே 26, புதன்

இன்று ஏமாந்துபோனேன். வழக்கமான லேபில் ஆள் இல்லாததால் வேறு இடத்தில் கொடுத்தோம். டி-டைமர் 410 என்று வந்தது. இயல்புக்கு எல்லையான 500-க்குக் கீழே! அம்மா சாமி விளக்கேற்றிவிட்டாள்.

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்ததும், "இது டிடியு, முன்னது எஃப்இயு" என்றார். இரண்டும் வேறு அலகுகள். டிடியுவை ஏறக்குறைய இரண்டால் பெருக்கினால்தான் எஃப்இயு. அதாவது 820. தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த அலகை நான் பார்க்கவேயில்லை. எத்தனை வீட்டில் இப்படி வீணாய்ச் சந்தோஷப்பட்டார்களோ, வீணாய்ப் பயந்தார்களோ.

டி-டைமர் என்பது உறைந்த ரத்தம் கரையும்போது மிஞ்சும் துணுக்கு. சிலருக்கு மாதக் கணக்கில்கூட இறங்காதாம். எண்ணை மட்டும் பார்க்காமல் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, ஒரு கால் மட்டும் வீங்குகிறதா என்று பார்க்கச் சொன்னார். மூன்றும் இல்லை. உறையாமல் இருக்க மாத்திரை தொடர்கிறது, அவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

ஜூன் 14, திங்கள்

பழைய லேப், பழைய அலகு. டி-டைமர் 560. சர்க்கரை 104. அழற்சியில் ஏறும் இன்னொரு புரதமான ஃபெரிட்டின் மட்டும் இன்னும் 420-இல் நிற்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

சாயங்காலம் அப்பா மொட்டை மாடியில் பதினைந்து சுற்று நடந்தார். நடந்து முடித்ததும் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினேன். 97.