திருவொற்றியூரில் மாடி எடுத்தோம், சிமென்டைக் குறைத்து

அப்பா கட்டிய வீட்டின் மேல் ஒரு மாடி எடுக்க வேண்டியிருந்தது. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்டால் வருகிறது என்பதால், என் பங்கைக் கொஞ்சமாவது குறைக்கலாமே என்று தோன்றியது. சூளைக்கு எரிக்கும் நிலக்கரியை மட்டும் குறை சொல்ல முடியாது. சுத்தமான சுண்ணாம்புக்கல் ஒரு டன் சுட்டால் கல்லிலிருந்தே 440 கிலோ வாயு வெளியேறும். எதை எரித்துச் சுட்டாலும் இது மாறாது. ஆக, சுட்ட கல்லான கிளிங்கர் குறைவாக உள்ள சிமென்டைத் தேட வேண்டும்.

"தளத்துக்கு 53 கிரேடு ஓபிசி போடுங்க சார், மத்ததெல்லாம் பூச்சுக்குத்தான்" என்றார் மேஸ்திரி. ஓபிசி என்பது கலப்பில்லாத சாதாரண சிமென்ட், கிளிங்கர் அதிகம். இன்ஜினியர் சொன்னது பிஎஸ்சி, அதாவது இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமென்ட். அதில் 25 முதல் 70 சதவீதம் வரை கசடு இருக்கலாம். வெப்பமயமாதல் பற்றி நான் பேசியதெல்லாம் மேஸ்திரியிடம் எடுபடவில்லை. கடற்கரைப் பக்கம் உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிப்பதை இது தாமதப்படுத்தும் என்று இன்ஜினியர் சொன்னதும் உடனே ஒத்துக்கொண்டார்! விலையும் ஓபிசியைவிடக் கூடவில்லை. களிமண்ணைச் சுட்டுச் சேர்க்கும் எல்சி3 சிமென்டையும் விசாரித்தேன். ஐஐடி மெட்ராஸ் ஆய்வு செய்த சரக்கு அது, 2023ல் இந்தியத் தரநிர்ணயமும் வந்துவிட்டது; எங்கள் பக்கக் கடைகளில் மட்டும் கிடைக்கவில்லை.

சிமென்ட் வகையைவிடக் கலவையில்தான் பெரிய சண்டை. மேஸ்திரிக்குப் பழக்கம் 1:1½:3, அதாவது ஒரு பங்கு சிமென்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. கன மீட்டருக்கு எட்டு மூட்டை சிமென்ட் பிடிக்கும். எது எவ்வளவு சேர்ப்பது என்று லேபில் கணக்கிட்டு மிக்ஸ் டிசைன் வாங்கினோம். நீர் குறைக்கும் அட்மிக்சர் என்ற ரசாயனம் சேர்த்ததில், எம்25 என்ற வலிமைத் தரத்துக்கே ஏழு மூட்டைக்குள் முடிந்தது. ஆனால் தண்ணீரை அளந்துதான் ஊற்ற வேண்டும். கான்கிரீட் போட்ட அன்று மிக்சர் மெஷினை விட்டு நான் நகரவில்லை. கலவை கெட்டியாக இருக்கிறது என்று யாராவது வாளியைத் தூக்கிவிடுவார்கள்.

தொல்லை அதற்கப்புறம்தான். கசடு சிமென்ட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பலம் பார்க்கும் கியூப் டெஸ்டில் ஏழாம் நாள் முடிவைப் பார்த்து வயிற்றைக் கலக்கியது. 28ஆம் நாள் தேறிவிட்டது. அதுவரை தளத்தைத் தாங்கிய முட்டுகளைப் பிரிக்க இன்ஜினியர் விடவில்லை. முட்டும் பலகையும் வாடகைக்கு அடித்துக் கொடுத்த சென்ட்ரிங்காரர் அடுத்த வேலைக்குப் பலகை வேண்டுமென்று தினமும் போன் செய்தார். கூடுதல் வாடகை கொடுத்துச் சமாளித்தேன். இப்படிக் கட்டப்போகிறவர்கள் வாடகையை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்கும் க்யூரிங்குக்கும் அதே கதை. ஓபிசிக்கு ஏழு நாள் என்றால் இந்த மாதிரிக் கலப்பு சிமென்டுக்குக் குறைந்தது பத்து, வெயில் காலத்தில் 14 நாள் வரை ஈரம் காயக் கூடாது. பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினோம், அதுவும் லாரித் தண்ணீர். பூச்சு வேலைக்குச் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் வாங்கினேன். அதற்கு மேஸ்திரி மறுபேச்சே பேசவில்லை.