கேட்டது நானூறு, காட்டுவது எட்டு

சி மொழி பயிலத் தொடங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் ஐயம் ஒன்று உண்டு. நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் மாலக்கை (malloc) அழைத்து நூறு முழு எண்களுக்கு, அதாவது 400 பைட்டுக்கு, இடம் வாங்கியிருப்பார்கள்; அந்த இடத்தைச் சுட்டும் பாயிண்டரின் அளவை, பைட் கணக்குச் சொல்லும் சைஸ்ஆஃபிடம் (sizeof) கேட்டால் 8 என்று வரும். போன வாரம் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருக் கல்லூரி மாணவி ஒருத்தி, "நானூறு கேட்டேன், எட்டுதான் கொடுத்திருக்கிறது அண்ணா" என்று மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

கொடுத்தது நானூறுதான். சைஸ்ஆஃப் அளந்தது அந்த இடத்தை அல்ல, இடம் எங்கே தொடங்குகிறது என்பதை வைத்திருக்கும் மாறியை. உம்லாங்காவின் கடலோர பங்களாவானாலும் சாட்ஸ்வொர்த்தின் இரண்டு அறை வீடானாலும் முகவரி ஒரு வரிதான். அந்த வரிக்கு 64 பிட் கணினியில் 8 பைட், பழைய 32 பிட் கணினியில் 4. மேலும் சைஸ்ஆஃப் ஒரு செயற்கூறே (function) அல்ல, கூட்டல் குறியைப் போன்ற ஆபரேட்டர். சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரமான சி99இல் வந்த மாறுநீள அணிகளை (array) விட்டுவிட்டால், கம்பைல் ஆகும்போதே, அதாவது நிரல் இயந்திர மொழிக்கு மாற்றப்படும்போதே, வகையை மட்டும் பார்த்து விடை சொல்லிவிடுகிறது. மாலக்கோ நிரல் ஓடும்போதுதான் இடம் தேடப் புறப்படுகிறது.

'டர்பன்' என்ற சொல்லைத் தமிழிலேயே எழுதி, அளவைக் குறிப்பிடாமல் எழுத்து அணியாக அறிவிக்கச் சொன்னேன். விடை 19: யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் புள்ளிகளும் தனிக் குறியீடுகள் என்பதால் மொத்தம் ஆறு, ஒவ்வொன்றுக்கும் 3 பைட், இறுதியில் சொல்லின் முடிவைக் காட்டும் சுழி பைட் ஒன்று. அதையே பாயிண்டராக அறிவித்தால் 8. பலர் இடறுவது இதற்கு அடுத்த படியில்தான்: அந்த 19 பைட் அணியை ஒரு செயற்கூறுக்கு அனுப்பி உள்ளே அளந்தால் மறுபடியும் 8 வருகிறது, ஏனெனில் செயற்கூறு பெற்றுக்கொள்ளும் அளபுருவின் (parameter) சதுர அடைப்புக்குள் 19 என்று எழுதியிருந்தாலும் கம்பைலர் அதைப் பாயிண்டராகவே கொள்ளும்.

"அப்படியானால் ஃப்ரீக்கு மட்டும் அளவு எப்படித் தெரிகிறது?" என்று கேட்டாள். மாலக் கொடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க அழைப்பதுதான் ஃப்ரீ (free). கேட்க வேண்டிய கேள்விதான். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி (glibc), தான் கொடுக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் அளவைக் குறித்துவைக்கிறது. 64 பிட்டில் 100 பைட் கேட்டால், உள்ளபடி பயன்படுத்தத்தக்க இடம் 104 பைட்டாக அமைகிறது. ஆனால் அது அதன் சொந்தக் கணக்கு. அதைக் கேட்டறிய சி மொழியின் தரத்தில் வழி வைக்கப்படவில்லை. ஆகவே நீளத்தைத் தனி மாறியில் நாமே வைத்துக்கொண்டு, பாயிண்டரை அனுப்பும் இடமெல்லாம் அதையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். அந்த நானூறு பைட்டையும் சுழியால் நிரப்ப மெம்செட்டை (memset) அழைத்து, நீளமாகப் பாயிண்டரின் சைஸ்ஆஃபைக் கொடுத்தால் முதல் 8 பைட் மட்டுமே சுழியாகும். மீதி 392 பைட்டில் முன்பு என்ன கிடந்ததோ அதுவே கிடக்கும். எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருந்தால் ஜிசிசி (GCC) கம்பைலர் இதைக் கம்பைல் ஆகும்போதே சுட்டிக்காட்டிவிடும்.