மாசிக்காயில் எழுத்து மை காய்ச்சிய அனுபவம்

14-ஆம் நூற்றாண்டு ஃபுளோரன்சில் நோட்டரி ஒருவருக்கு மை தீர்ந்தால், மருந்துச் சரக்குக் கடைக்குத்தான் ஆள் அனுப்புவார். மருந்து, மிளகு, மெழுகு, காகிதம், ஓவியருக்கான நிறப்பொடி என எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்காரரும் வைத்தியரும் ஒரே தொழிற்சங்கத்தில் இருந்தார்கள். அந்த மைக்கான சரக்கு நம் நாட்டு மருந்துக் கடையிலும் உண்டு: மாசிக்காய், அன்னபேதி (இரும்புச் சல்பேட் உப்பு), கருவேலம் பிசின்.

மாசிக்காய் என்பது பேர்தான் காய். ஓக் மரக் கொப்பில் ஒரு வகைச் சிறு குளவி முட்டையிட, அந்த இடத்தில் மரம் விடும் வீக்கம் அது. ஓட்டை விழாத, கையில் கனக்கிற, கரும்பச்சைக் காயாகப் பொறுக்க வேண்டும். ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். அதில் துவர்ப்பு குறைவு. அன்னபேதி வெளிர்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் வேண்டாம். பிசினில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாதாம் பிசினைக் கொடுத்துவிட்டால் அது கரையாது, ஜெல்லி மாதிரி ஊதி நிற்கும்.

அளவு: மாசிக்காய் 60 கிராம், அன்னபேதி 20, பிசின் 20, தண்ணீர் அரை லிட்டர். பழைய குறிப்புகளில் மழைநீர், வெள்ளைத் திராட்சை மது என்றெல்லாம் வரும், மழைநீர் போதும்.

காயை உரலில் ஒன்றிரண்டாக இடித்தேன். மாவாக அரைத்தால் வடிகட்டும்போது துணி அடைத்துக்கொள்ளும். மண் அல்லது கண்ணாடிப் பாத்திரம்தான் சரி. இரும்புச் சட்டியில் ஊறப்போட்டால் சட்டியே மையாகத் தொடங்கிவிடும், பிறகு அளவுக்கு அர்த்தமில்லை. ஐந்து நாள் ஊறல் தேநீர் நிறத்துக்கு வரும். மேலே பூஞ்சை படர்ந்தால் கொட்டிவிடாதீர்கள். துவர்ப்புப் பொருளை உடைத்து மைக்கு உதவுவதே அதுதான். வடிகட்டி, அன்னபேதியைத் தனியே கரைத்து ஊற்றியதும் ஒரே நொடியில் கருநீலமாகத் திரியும். கடைசியில் பிசின். கருந்துகள் அடியில் தங்காமல் மிதப்பதும், எழுத்து ஓரம் பரவாமல் நிற்பதும் பிசினால்தான். கூடிப்போனால் காய்ந்த எழுத்து செதில் செதிலாக உதிரும்.

எழுதிப் பார்த்தால் சாம்பல் நிறம். அவசரக்காரர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். இன்னும் கொஞ்சம் அன்னபேதி போடலாமே என்று கை போகும். போடக்கூடாது. இந்த மை கறுப்பது காற்றுப் பட்டுத்தான், அதற்கு ஒரு நாள் ஆகும். மறுநாள் காலையில் அதே வரி கன்னங்கரேல் என்று இருக்கும். கூடுதலாகப் போட்ட இரும்பு துவர்ப்போடு சேராமல் எஞ்சும். அதுவும் உடன் உண்டாகும் கந்தக அமிலமும் காகிதத்தை அரித்து, காலப்போக்கில் எழுத்து இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் மிஞ்சும். விலங்குத் தோலில் செய்த ஏட்டுக்கு இந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் பதனிடும்போது ஏறிய சுண்ணாம்பு அமிலத்தை முறித்துவிடும். 1231-இல் இரண்டாம் ஃபிரெடரிக் பேரரசர் அரசு ஆவணங்களைக் காகிதத்தில் எழுதக் கூடாது என்று சட்டம் போட்டது காகிதத்தின் ஆயுள்மேல் நம்பிக்கை இல்லாமல்தான்.

புகைக்கரி மையைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிடலாம். மாசிக்காய் மை தோல் ஏட்டுக்குள் இறங்கிவிடும், கத்தியால் சுரண்டித்தான் எடுக்க முடியும். எழுத்தர்கள் வலக்கையில் இறகும் இடக்கையில் கத்தியுமாக உட்கார்ந்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். (இறகு என்றால் சினிமாவில் வருகிற குஞ்சம் இல்லை, தூவலைச் சீவிவிட்டு வெறுந்தண்டாகத்தான் பிடித்தார்கள்.)

ஃபவுண்டன் பேனாவில் இதை ஊற்றாதீர்கள். பிசின் காய்ந்து அடைக்கும், அமிலம் நிப்பை அரிக்கும். தொட்டெழுதும் நிப் நல்லது, அதையும் எழுதி முடித்ததும் கழுவ வேண்டும். புட்டியில் இரண்டு கிராம்பு போட்டு வைத்தால் பூஞ்சை சீக்கிரம் வராது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அன்னபேதி வயிற்றுக்குள் போனால் விஷம்.