கொம்ப்ரஷர் பிராக்டிகலுக்கு போற தம்பி தங்கச்சிமாருக்கு

நான் ஹட்டன் பக்கம் ஒரு கராஜ்ல வேல செய்யிறேன். என்விகியூ (தேசிய தொழில் தகைமை) லெவல் 3 அசெஸ்மெண்ட்ல மொத தடவ எனக்கு "நொட் யெட் கொம்பிடன்ட்"னு, அதாவது இன்னும் தேறலன்னு போட்டாங்க. மாட்டுனது எஞ்சின்லயோ பிரேக்லயோ இல்ல, தெனமும் டயருக்கு காத்தடிக்கிற கொம்ப்ரஷர்ல.

அசெஸர் ஸ்டார்ட் பண்ணுங்கன்னாரு, நான் நேரா போய் சுவிட்ச போட்டுட்டேன். ஓயில் அளவு காட்டுற கண்ணாடிய பாக்கல, பெல்ட்ட மூடுற கார்ட் இருக்கான்னு பாக்கல, டேங்குக்கு அடியில தண்ணி எறக்குற டிரெய்ன் வால்வ தொடவே இல்ல. "கடைசியா எப்ப தண்ணி எறக்குனீங்க"ன்னு கேட்டாரு, பதில் வரல.

காத்த அமுக்கி ஆறவிட்டா அதுல இருக்குற ஈரம் தண்ணியாகி டேங்குக்கு அடியில தங்கிடும், நம்ம ஊரு பனியிலயும் மழையிலயும் அது இன்னும் கூட. அந்த தண்ணி டேங்க உள்ளுக்குள்ள இருந்தே துரு புடிக்க வச்சு தகட்ட மெலிசாக்கிடும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும். டேங்க்ல பிரஷர் 8 பார்னா 116 பிஎஸ்ஐ, கார் டயருக்கு நாம அடிக்கிறது 30 சொச்சம்தான், அப்ப மெலிஞ்ச தகடு வெடிச்சா என்னாகும்னு நீங்களே யோசிங்க. அதனால தெனமும் வேல முடிஞ்சதும் பிரஷர கொறச்சுட்டு, முகத்த தள்ளி வச்சு, வால்வ மெதுவா தொறந்து எறக்குங்க.

இன்னொன்னு, நுவரெலியா 1868 மீட்டர் ஒசரம், அங்க காத்து கடல்மட்டத்த விட சுமாரா ஆறுல ஒரு பங்கு லேசு, அதனால டேங்க் நெறைய கொழும்ப விட நேரம் புடிக்கும். மெஷின் பழுதுன்னு நெனச்சு டேங்க் நெறஞ்சதும் மோட்டர நிறுத்துற பிரஷர் சுவிட்ச் ஸ்குருவ திருகுறத நான் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு செய்யாதீங்க. பிரஷர் மிஞ்சினா காத்த வெளிய விடுற சேஃப்டி வால்வ ஒழுகுதுன்னு கட்டி வைக்கிறது அத விட மோசம், சுவிட்ச் கட் ஆகலன்னா மிச்சமிருக்குற காவல் அது ஒன்னுதான்.

கழட்டி வேல செய்யணும்னா பிளக்க புடுங்கி, பிரஷர் கேஜ் சைபருக்கு வந்தப்புறம் கை வைங்க. ஓஃப் ஆகி நிக்குதேன்னு பெல்ட்ட தொட்டா, பிரஷர் எறங்குனதும் தானா ஸ்டார்ட் ஆகும், வெரல் போயிரும்.

சாயந்தரம் ஓவரோல் தூசிய காத்தால ஊதுற பழக்கம் எல்லா கராஜ்லயும் இருக்கு. தோல்ல ஒரு சின்ன காயம் இருந்தா கூட காத்து ரத்தத்துக்குள்ள போகலாம், உசுருக்கே ஆபத்து. வைவாவுல (வாய்மொழி கேள்வியில) இத கட்டாயம் கேப்பாங்க.

ரெண்டாவது தடவ போனப்ப கண்ணுக்கு கண்ணாடியும் காதுக்கு ஈயர் மஃபும் போட்டுட்டு, ஓயில் பாத்து, கார்ட் பாத்து, சுவிட்ச தொடுறதுக்கு முன்னாடியே டிரெய்ன தொறந்தேன். செம்மண் கலர்ல தண்ணி வந்துச்சு. "சேர், உள்ள துரு இருக்கு, டேங்க செக் பண்ணாம ஓட்ட மாட்டேன்"னேன். அவரு குனிஞ்சு அந்த தண்ணிய பாத்துட்டு ஃபோர்ம எடுத்தாரு.